பச்சை அட்டை

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை எனக்கு. ஆனால் பேச்சுப் பயிற்சி மன்றத்தில் முதல் முறை பேச எழுந்தபோது அந்தத் தொண்டை ஒன்றுக்கும் உதவவில்லை.

அங்கே நேரம் பார்ப்பவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டை காட்டுவார். எது எதற்கு என்று தொடக்கத்திலேயே விளக்கினார்கள். பயத்தில் எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. லாரிக்காரனுக்குப் பச்சை என்றால் கிளம்பு என்று அர்த்தம். அதனால் என் பெயரைச் சொல்லி அழைத்ததும் முன்னால் போய், பச்சைக்காகக் காத்து நின்றேன்.

அட்டை வரவில்லை. மேசையைப் பிடித்தேன், மேசையும் என்னோடு சேர்ந்து ஆடியது. பேச வந்தவரை யாரும் குறுக்கிடக் கூடாது என்பது மன்றத்து விதி. பாவிகள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஓடிவிடலாம் என்றால் கால் வரவில்லை.

ஒருவழியாகப் பச்சை எழுந்தது. "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்று ஆரம்பித்தேன். குறைந்தபட்சம் பேச வேண்டிய நேரம் முடிந்துவிட்டது என்பதற்குத்தான் அந்தப் பச்சையாம். நாலு வாக்கியம் சொல்வதற்குள் மஞ்சளும் போய்ச் சிவப்பு வந்துவிட்டது.

பேச்சை மதிப்பிடுகிறவர் எப்போதும் முதலில் ஒரு நல்லதைச் சொல்லியாக வேண்டும். அவர் தன் குறிப்புத் தாளை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அவரு பார்வை அங்க இங்க அலையவே இல்லீங்க" என்றார்.

எப்படி அலையும்? எப்போது பச்சை வரும் என்று அந்த அட்டைக்காரரையே பார்த்துக்கொண்டல்லவா நின்றேன்.