விழுங்கப்பட்ட ஒன்று

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘சிக்கனம்’. பேச்சில் அல்ல, அவள் வாய் திறந்தால் எதிரே இருப்பவரின் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். சிக்கனமெல்லாம் எழுதும் கணினி நிரலில்தான்.

கணக்குப் பயிற்சி நூல்கள் போடும் பதிப்பகம் அது. கணினி பல்லுறுப்புக்கோவையை வெறும் எண் வரிசையாக வைத்திருக்கும்: 3, 0, -5. அதை 3x² - 5 என்று மனிதக் கண்ணுக்கு எழுதிக் காட்டுவது அவள் நிரலின் வேலை. இதில் பாதி, எழுதாமல் விடுவதுதான். பூஜ்யம் வந்தால் அந்த உறுப்பே வேண்டாம். 1x² என்று யாரும் எழுதுவதில்லை. ஆகவே ஒன்று வந்தால் விழுங்கிவிடு. இந்த இரண்டு விதிகளில் அவளுக்குத் தனிப் பெருமை.

அன்று நான்கு மணிக்கு விடைப் பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். பிசகினால் பழையபடி கையால் தட்டச்சு; அவளுடைய மூன்று மாத உழைப்பு குப்பைக்கு. மேலாளர் சொல்லிவிட்டார்.

மூன்று மணிக்கு மெய்ப்பு பார்ப்பவர் தாளோடு வந்தார். கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவர்.

“ஏம்மா சிக்கனம், x² கூட்டல்... அப்புறம்? குறி அந்தரத்துல தொங்குதே!”

“இருக்காதுண்ணே. நூறு கோவை போட்டுப் பாத்துட்டேன்.”

“அப்ப இது நூத்தியொண்ணு.”

வரிசையைத் திறந்தாள்: 1, 0, 1. முதல் ஒன்றை விழுங்கியதில் தப்பில்லை. அதற்கு x² துணையிருக்கிறது. கடைசி ஒன்றுக்கு யாருமில்லை. அதையும் விழுங்கியிருந்தது.

வேறு யாராயிருந்தாலும் உடனே திருத்தியிருப்பார்கள். அவள் பழைய சோதனைகளைத் தோண்டினாள்.

“மணி ஓடுது தாயே! சரி பண்ணு முதல்ல.”

“இத்தன நாள் ஏன் மாட்டலன்னு தெரிய வேணாமாண்ணே?”

தெரிந்தது. நூறும் அவளே பொறுக்கியவை. ஒவ்வொன்றின் கடைசியிலும் 17, -23 என்று மிரட்டும் எண்கள். ஒன்றை யார் மதித்தார்கள்?

x இல்லாத இடத்தில் ஒன்றை விடாதே என்று ஒரு வரி சேர்த்தாள். சந்தேகம் இப்போது மற்ற விதியின் மேல் பாய்ந்தது. 0, 0, 0 என்று கொடுத்தாள். திரை வெறுமையாக இருந்தது.

“அண்ணே, பாருங்க!” புதையல் கண்டவள் மாதிரி கத்தினாள்.

“ஒண்ணையும் காணோமேம்மா.”

“அதான் தப்பு! எதுவும் மிஞ்சலன்னா பூஜ்யம்னு போடணும்ல?”

அவர் தலையைச் சொறிந்தார். “எட்டுப் பக்கத்துல அப்படி வெத்து இடம் பாத்தேன். பிள்ளைங்க எழுதிக்க விட்டதுன்னு நெனச்சேன். இருக்கிறதத்தான் நான் திருத்துவேன். இல்லாதத எப்படித் திருத்துறது?”

அதற்கும் ஒரு வரி சேர்த்தாள். நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பக்கங்கள் அச்சுக்குப் போயின. அனுப்புமுன் மேலாளர் அந்த எட்டையும் புரட்டிப் பார்த்து, “புரோகிராமே இருக்கட்டும், தட்டச்சு வேண்டாம்” என்றார்.

ஏன் மாட்டவில்லை என்பதை அவள் அவருக்கு விளக்க ஆரம்பித்தாள். அவர் கையில் அப்போதுதான் வந்த தேநீர்.