அவருக்கு நான் எழுதிய சாப்பாடு

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் உணவியல் நிபுணராக இருக்கிறேன். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளின் சாப்பாடு என் பொறுப்பு. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து உப்பு, தண்ணீர், காய் எல்லாவற்றுக்கும் அளவு எழுதுவேன்.

என் நோயாளிகளில் ஒருவர் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும், அதனால் காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும், தேங்காய்ப்பால் கூடாது என்று அவரையும் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

"அப்பம், தேங்காப்பால் சொதி?" என்றார்.

"வேண்டாம் சார்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

அடுத்த மாதம் அந்த அம்மாள் கையில் கட்டோடு வந்தாள். கணவர் உள்ளே டயாலிசிசில் படுத்திருந்தார். ரசம் கொட்டிவிட்டது என்றவள், நான் நாற்காலியை இழுத்துப் போடவும் அழத் தொடங்கினாள்.

"தட்ட மொகத்துலயே எறியுதாவ மேடம். சக்கையவா திங்கச் சொல்லுதேன்னு கேட்டு, கொதிக்கக் கொதிக்க ரசத்தக் கையில ஊத்திட்டாவ. மேடம்தான் சொன்னாவன்னு சொன்னா இன்னும் அடி விழுது."

போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன். "இப்பம் வேண்டாம். நீங்க ஒரு தடவ அவாகிட்டப் பேசிப் பாருங்க" என்றாள்.

அடுத்த முறை டயாலிசிசுக்கு முன்பே இருவரையும் என் அறைக்கு அழைத்தேன். "சார், இனிமே சாப்பாட்டைப் பத்தி உங்ககிட்ட மட்டும்தான் சொல்வேன். உங்க உடம்பு, நீங்கதான் பாத்துக்கணும். அவங்க மேல கை வைக்கக் கூடாது."

"நீ என்ன டாக்டரா?"

"இல்லை. உணவியல்ல முதுகலை படிச்சு, ஆஸ்பத்திரியில பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதிப் பதிவு வாங்கியிருக்கேன். மருந்து டாக்டர் எழுதுவாரு. சாப்பாடு நான் எழுதுவேன்."

"சோறு திங்கதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பரீட்சை! என் வீட்டு அடுப்படியில நாட்டாமை பண்ண ஒனக்கு எவன்ட்டி அதிகாரம் குடுத்தான்?"

"மேடத்த ஏசாதிய" என்றாள் மனைவி, மெதுவாக.

அவருக்குச் சோறு கொண்டுவந்து அவள் மடியில் வைத்திருந்த தூக்குச்சட்டியைப் பிடுங்கி, அதனாலேயே அவள் தலையில் அடித்தார். மூடி தெறித்தது. சோறும் வடித்த அவரைக்காயும் மேசையெல்லாம் சிதறின. நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்க, அவள் கையைத் தூக்கி மறைத்தாள். இடது கையால் அவள் கொண்டையைப் பற்றி இழுத்து, வலது கையால் மறுபடியும் ஓங்கினார்.

பாய்ந்து போய், கொண்டையைப் பற்றியிருந்த அவர் இடது கையைப் பிடித்தேன். என் விரல்களுக்கு அடியில் அது கிர்ரென்று அதிர்ந்தது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை அறுத்து இணைத்த கை. அதை நெரித்தால் குழாய் அடைத்துப்போகும். யோசிக்காமல் விட்டுவிட்டேன். விட்ட நொடியில் தூக்குச்சட்டி என் புருவத்தில் இறங்கியது.

காவலாளி ஓடிவந்து அவரைத் தரையோடு அழுத்தினார். "விடுலே, கொன்னுருவேன்" என்று கத்திக்கொண்டே இருந்தவருக்கு மூச்சு வாங்கியது. பரிசோதித்தபோது பொட்டாசியம் பயங்கரமாக ஏறியிருந்தது. உடனே டயாலிசிசில் போட்டார்கள். அதே கட்டிடத்தின் இன்னொரு மூலையில் அவர் மனைவிக்கும் எனக்கும் தையல் போட்டார்கள். ஊசி ஏறும்போது அவள் என் கையை விடவே இல்லை. "இப்பம் போலீசுக்குச் சொல்லுங்க மேடம்" என்றாள். இருவரும் புகார் கொடுத்தோம்.

அவரை வார்டில் சேர்த்துவிட்டதால், அன்று மாலை அவருக்குச் சாப்பாடு எழுத வேண்டியிருந்தது. அங்கே வேறு உணவியல் நிபுணர் இல்லை. புருவம் விண்விண்ணென்று தெறித்தது. அந்த ஆள் பட்டினி கிடக்கட்டும் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன். பிறகு எழுதினேன்: சோறு, வடித்த முட்டைக்கோஸ், முட்டையின் வெள்ளைக்கரு. முதல் தட்டைச் சுவரில் எறிந்தார் என்று செவிலியர் சொன்னார். மறுநாள் சாப்பிட்டாராம்.

அந்த அம்மாள் இப்போது முக்கூடலில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வழக்கு நடக்கிறது. அவர் இன்னும் டயாலிசிசுக்கு வருகிறார், தனியாக. சமையலும் அவர்தானாம். போன வாரம் படுக்கையிலிருந்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "அவரைக்கா எவ்வளவு நேரம் வேகணும்?" என்று கேட்டார்.

கட்டிலின் கால்மாட்டிலேயே, அவர் கை எட்டாத தூரத்தில் நின்று சொன்னேன்.