விசென்சா மண்டபத்தின் ஓரச் சந்துகள்

மண்டபத்து முகப்பின் பழைய தகரத்தைக் கழற்றிய அன்றுதான் சிக்கல் தெரிந்தது. உள்ளே நின்ற இரும்புத் தூண்களுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி இல்லை. நடுவில் அகலம், இரண்டு ஓரத்திலும் ஒடுக்கம். வளைவுகளை வார்ப்பதற்கான ஃபோம்வேர்க் அச்சுப் பலகைகளோ எல்லாம் ஒரே அளவில் வெட்டி வந்து இறங்கிவிட்டன.

அது மெல்பேர்னின் வடக்கே ஒரு இத்தாலிய ஊர்ச்சங்க மண்டபம். சங்கத்தில் எல்லாரும் இத்தாலியின் விசென்சா ஊர்க்காரர். தங்கள் ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் பழைய நகர மாளிகையைப் போல, வரிசையாக வளைவு வைத்த முகப்பு வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். என் முதலாளி ப்ரூனோவும் அந்த ஊர்தான். அந்தக் கிழமை தமக்கையைப் பார்க்க அங்கே போயிருந்தார். மன்னாரில் எட்டாம் வகுப்போடு நின்ற என்னை, முதல் தடவையாக ஒரு சைட்டுக்குப் பொறுப்பாக வைத்துவிட்டுப் போயிருந்தார். இது பிழையாகிப் போனால் இனி ஆயுளுக்கும் சாந்து வாளி தூக்குவதுதான் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கூட வேலை செய்த சரவணன் திருச்சிக்காரன், மெல்பேர்னின் மேற்கே டார்னெய்ட்டிலிருந்து வேலைக்கு வருவான். ஓர வளைவுகளைச் சின்னதாக வெட்டிவிடலாம் என்றான். வெட்டினால் கண்ணில் குத்தும் என்றேன். வெட்டாமல் விட்டால் ஓரத்தில் இடம் நெருங்கும் என்றும் நானே ஒரு மணித்தியாலம் சொன்னேன்.

"அண்ணே, கவலைப்படுறதுக்குத் தனியா சம்பளம் வாங்குறீங்களா? ப்ரூனோவுக்கு ஒரு போன் போடுங்க."

பின்னேரம் வீடியோ கோலில் அவரை எடுத்தேன். அங்கே காலை. ப்ரூனோ அந்த மாளிகையின் முன்னால்தான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்க, மாளிகைப் பக்கம் போனைத் திருப்பினார். எதைப் பார்த்தாலும் எங்கே பிழை என்று தேடுவது என் வியாதி. ஒவ்வொரு வளைவுக்கும் இரு பக்கமும் ஒரு சின்னத் தூண். அதற்கும் பெரிய தூணுக்கும் நடுவே ஒரு சந்து. மூலையில் அந்தச் சந்து ஒடுங்கியதுபோல் தெரிந்தது.

"மூலைச் சந்துக்குள்ள ஒருக்கா பூந்து பாருங்கோ," என்றேன்.

தடித்த மனிதர். தோள் சிக்கி நின்றுவிட்டார். நடுவில் உள்ள சந்தில் தாராளமாகப் போய் வந்தார். பிறகு வளைவுகளைக் காலடியால் அளந்தார். எல்லாம் ஒன்றுபோல.

நாங்கள் பேசியது ஆங்கிலம்; அதை என் தமிழில் எழுதுகிறேன். அவர் சொன்னார்: "உள்ளுக்கு இருக்கிற கட்டடம் இதைவிடப் பழசு, கோணல். அதைச் சுத்தித்தான் இந்த முகப்பைப் போட்டவங்கள். சின்னனில இதுக்குக் கீழ பந்தடிச்சனான். ஒரு நாளும் கவனிக்கேல்லை."

வளைவில் நாங்கள் கை வைக்கவில்லை. அந்த மாளிகையைப் போலவே சின்னத் தூண்கள் வைத்து, வித்தியாசம் முழுவதையும் அவற்றின் பக்கத்துச் சந்துகளுக்குள் தள்ளினோம். ஓரச் சந்துக்குள் சாந்து பூசும் கரண்டி நுழையாது. பல் விளக்கும் பிரஷ் வாங்கித் தரும்படி சொல்லிச் சொல்லியே சரவணன் விரலால் பூசினான்.

திறப்பு விழாவன்று பழைய ஆட்கள் சோடி சோடியாக வளைவுகளுக்குக் கீழே உலாவினார்கள். ஒரு கிழவி மட்டும் மூலைத் தூணுக்கு முன்னால் அசையாமல் நின்றார். சந்து ஒடுங்கியதைப் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி ப்ரூனோவிடம் ஏதோ சொன்னார்.

"எல்லாம் ஊரில மாதிரியே சரியாம். அங்கத்தைப் புறாக்களைத்தான் காணேல்லையாம்," என்றார் ப்ரூனோ.

இப்போது ப்ரூனோ அந்த ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். நானும் வேலையை விட்டுவிட்டேன். புதிதாக ரெண்டர் என்ற சுவர்ப்பூச்சு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: பழைய கட்டடம் என்றால் கோணல் இருக்கும். அதை வளைவில் ஏற்றாதீர்கள். அது ஒதுங்கி நிற்க ஒரு சந்து விடுங்கள்.

அந்த வழியால் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் என் கண் ஓரச் சந்துகளுக்குத்தான் போகிறது. வளைவுகள் வடிவாக இருக்கின்றன என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.