மஞ்சளுக்கு ஓர் எதுகை

எண்பதுகளின் கடைசியில், எட்டாம் வகுப்பில், தமிழாசிரியை எதுகையும் மோனையும் நடத்தினார். முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. எதுகையைப் பிடித்துவிட்டால் அடுத்த அடி தானாக வந்து நிற்கும் என்றார். வீட்டில் பாடும் பாட்டு ஒன்றை எழுதி, இரண்டையும் அடிக்கோடிட்டு வர வேண்டும். மற்றவர்கள் தாலாட்டு எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் தனியாகத் தெரிய வேண்டும். அந்தத் திமிர் அப்போது எனக்கு அதிகம்.

இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எழவு விழுந்தால் ஒப்பாரி பாட அம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஒன்று பாடச் சொல்லிக் கேட்டதும் முறைத்தாள்.

"ஏட்டி, ஆளு உசுரோட இருக்குற வீட்டுல ஒப்பாரி படிக்கக் கூடாது. பேசாம போ."

சனிக்கிழமை மத்தியானம்வரை சாப்பிடாமல் கிடந்து சாதித்தேன். அடுப்பங்கரையில், குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு அடி பாடினாள்.

மஞ்சக் குளிச்சு மணப்பந்தல் வந்தேனே

"இதுக்கு எதுகை வேணும்மா. பஞ்சுன்னு ஆரம்பி" என்றேன். அப்பா மில்லில் பஞ்சுப் பொதி பிரிக்கிறவர். எனக்கு அந்தச் சொல்தான் முதலில் வந்தது. அம்மா பழக்கத்தில், யோசிக்காமல் இழுத்தாள்.

பஞ்சுப் பொதிபோலப் பாதையில சாஞ்சீரே

உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் நான் நோட்டில் எழுதி முடித்திருந்தேன். எதுகை, மோனை எல்லாம் கச்சிதமாக இருந்தன.

மூன்று மணிக்கு மில் சங்கு ஊதியது. அரை மணி நேரத்தில் வந்துவிடும் அப்பாவைக் காணோம். அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஐந்து மணிக்கு, பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார்.

"எதுக்கு ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீக?" என்றார்.

அம்மா நோட்டுத்தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். திங்கட்கிழமை வெறுங்கையோடு போய் ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு சங்கு ஊதும்போதெல்லாம் அந்த அடி மனதில் ஓடும். மறக்கப் பார்த்தேன். எதுகை உள்ள வரி லேசில் மறப்பதில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு காலையில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில், நெஞ்சைப் பிடித்தபடி அப்பா சைக்கிளோடு சாய்ந்தார். யாரோ தூக்கி வந்து வீட்டில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

மஞ்சக் குளிச்சு மணப்பந்தல் வந்தேனே

அதோடு நின்றுவிட்டாள். எல்லோரும் அடுத்த அடிக்குக் காத்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். அந்த அடி தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.