கள்ளிக்குப்பம் வீட்டு ஒன்பது வோல்ட் பேட்டரி

1. செக்ரட்டரியின் போன்

வெள்ளிக்கிழமை மதியம். ஆவடியில் ஒரு சைட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்திருந்தேன். கள்ளிக்குப்பம் குடியிருப்பின் செக்ரட்டரி போன் பண்ணினார்.

"ஏகாம்பரம், பி பிளாக் மூணாவது மாடியில ஃபயர். தேவராஜ் சார் போயிட்டாருப்பா. நீங்க மாட்டுன ஸ்மோக் டிடெக்டர் கத்தவே இல்லியாம்."

டப்பாவை மூடிவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஃபயர் அலாரம் சர்வீஸ் செய்கிறேன். சும்மா சும்மா கத்துகிறது என்று ஆயிரம் கம்ப்ளெயிண்ட் வந்திருக்கிறது. கத்தவில்லை என்று வந்தது அதுதான் முதல் முறை.

தேவராஜ் பாடியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் இழுத்துக்கொண்டது. தடி ஊன்றி மெதுவாக நடப்பார். அவருக்கும் மனைவி சரோஜாம்மாவுக்கும் ஒரே மகள், கட்டிக்கொடுத்தது திருத்தணியில். நான் சர்வீஸுக்குப் போனால் கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுப்பார். "வா நைனா, எம் பொண்டாட்டி சாம்பிராணி போட்டா உம் மிஷின் ஊரைக் கூட்டுது. அதுக்கு இன்னா கோவம் அவ மேல?"

அதனால் வெள்ளிக்கிழமை காலையில் சரோஜாம்மா ஸ்டூல் மேல் ஏறி டிடெக்டரைத் திருகி எடுப்பார். பேட்டரியைக் கழற்றி டிவி மேல் வைப்பார். புகை போனதும் மறுபடி போட்டு மாட்டிவிடுவார். பாதி வீடுகளில் இப்படித்தான். வெள்ளிக்கிழமை கழற்றினதைத் தீபாவளி வரைக்கும் திரும்பப் போடாத வீடெல்லாம் பார்த்திருக்கிறேன். சரோஜாம்மா அப்படி இல்லை, ஒழுங்கானவர்.

அன்றும் சாம்பிராணி போட்டிருக்கிறார். பதினோரு மணிக்குக் கணவரை மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, ரேஷன் கடையில் கைரேகை வைக்கப் போயிருக்கிறார். ஹாலில் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் எரிந்து கர்ட்டனில் பிடித்துக்கொண்டது. நெருப்பு பெட்ரூம் வரைக்கும் போகவே இல்லை. புகைதான் போனது. எதிர்வீட்டு ஜமீலா நாள் பூராவும் வீட்டிலேயே தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற பெண். "ஒரு சத்தம் கேட்டிருந்தா கதவை ஒட்ச்சாவது தூக்கியாந்திருப்பேனே அண்ணா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

2. உள்ளே இருந்தது

திங்கட்கிழமை செக்ரட்டரி என்னை வரச்சொன்னார். எல்லா வீட்டு யூனிட்டையும் செக் பண்ண வேண்டும் என்றார். முதலில் அந்த வீட்டுக்குத்தான் போனேன். சுவரெல்லாம் கரி. சரோஜாம்மா ஜமீலா வீட்டிலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, நான் பேட்டரியத் திரும்பப் போட்டனான்னு எனக்கு ஞாபகமே வரல. சாம்பிராணி போட்டேன். அவரு காபி கேட்டாரு, கலக்கப் போயிட்டேன். அதுக்கப்புறம் போட்டனா, போடலயா? மூணு நாளா யோசிக்கிறேன். ஒண்ணும் தெரியல. போடாமத்தான் போயிருக்கேன், பாவி."

டிடெக்டர் ஒரு பக்கம் உருகிக் கோணிக்கொண்டிருந்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திருகி எடுத்து, பின்மூடியைத் திறந்தேன்.

பேட்டரி உள்ளே இருந்தது. கிளிப் அழுத்தமாக மாட்டியிருந்தது. அந்தம்மா மறக்கவே இல்லை.

மேலே ஒட்டியிருந்த டேப்பில் தேதி என் கையெழுத்தில் இருந்தது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் போட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்பது வோல்ட் காட்ட வேண்டியது ஆறுகூடக் காட்டவில்லை.

அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வருடாந்தர பேட்டரி மாற்றும் அன்று அல்கலைன் ஸ்டாக் பி பிளாக்கில் ஆறு வீடு மிச்சம் இருக்கும்போது தீர்ந்துபோனது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். என்னைவிடச் சின்னவன். "கார்பன் கீது இல்ல அண்ணாத்தே, அதப் போட்டு முட்ச்சிகினு வா. மூணு மாசத்துல மாத்திக்கலாம்" என்றான். பார்க்க இரண்டும் ஒரே அச்சு. ஆனால் கார்பன் பேட்டரி கடிகாரத்துக்குப் போடலாம், பொம்மைக்குப் போடலாம். உயிரைக் காக்கிற சாமானுக்குப் போடக்கூடாது. அல்கலைன் ஒரு வருடம் தைரியமாக நிற்கும். கார்பன் எப்போது படுக்கும் என்று சொல்லவே முடியாது. இது தெரிந்தும் போட்டேன். மூன்று மாதத்தில் மாற்றவும் மறந்தேன். மறந்தவன் நான்.

பேட்டரி இறங்கினால் டிடெக்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கீச்' என்று சத்தம் கொடுக்கும். அப்படிக் கொடுத்தும் இருக்கிறது. ஜமீலா பிறகு சொன்னாள்: "அவங்க மக ஊட்டுக்குப் போய் இருபது நாள் இருந்தாங்க இல்ல, அப்ப பூட்ன ஊட்டுக்குள்ள இன்னாவோ கத்திக்கினே இருந்துச்சு. அப்புறம் தானா நின்னுட்ச்சு." அவர்கள் திரும்பி வந்தபோது அதற்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

"உள்ள இருந்துச்சா தம்பி?" என்று பின்னால் இருந்து சரோஜாம்மா கேட்டார்.

என் வாயில் வந்தது இதுதான்: "எல்லாம் கருகிப் போச்சும்மா. ஒண்ணும் தெரியல."

அன்றே மிச்சம் ஐந்து வீட்டுக் கார்பனையும் கழற்றிவிட்டு அல்கலைன் போட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

3. ஸ்கிராப் டப்பா

ஆபீஸுக்கு வந்து சூப்பர்வைசரிடம் பேட்டரியைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துப்போனது. "அந்தம்மாவே நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிகினு கீறாங்க. நீ ஏன் அண்ணாத்தே போய் மாட்டிக்கிற? ரெண்டு பேர் வேலையும் பூடும். செத்தவரு எந்திரிச்சு வரப்போறாரா?"

'யூனிட் சேதம், புதியது மாற்ற வேண்டும்' என்று ரிப்போர்ட் எழுதினேன். பேட்டரியை ஸ்கிராப் டப்பாவில் போட்டேன். மாதக் கடைசியில் பழைய சாமான்காரர் வந்து டப்பாவோடு கொட்டிக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டேதான் நின்றேன். அப்போது, சீ, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நிம்மதி எத்தனை நாள்? சோறு இறங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஜமீலா போன் பண்ணினாள். புது டிடெக்டர் மாட்ட அந்தம்மா விடமாட்டேன் என்கிறாராம். வெள்ளிக்கிழமையானால் பச்சைத் தண்ணி குடிப்பதில்லையாம். மகள் ஒரு நாள் கோபத்தில் "நீ ஒழுங்காப் போட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து அம்மாவும் மகளும் பேசுவதில்லை.

வேலை போனால் போகட்டும் என்று அன்றைக்கே கிளம்பினேன்.

4. சரோஜாம்மா போட்ட காபி

சுவருக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அல்கலைன் தீர்ந்தது, கார்பன் போட்டது, மாற்ற மறந்தது, அன்று உள்ளே பேட்டரி இருந்தது. "நீங்க போட்டுத்தாம்மா இருந்தீங்க. தப்பு என்னுது. செருப்பால அடிங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்குக் கேட்டப்ப தெரியலன்னியே தம்பி?"

"பொய் சொன்னேம்மா."

"அந்த பேட்டரி எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

தலையை ஆட்டினார். சிரித்தார்.

"ஜமீலா சொல்லி வந்தியா?"

"இல்லம்மா, சத்தியமா! நீங்க ஊர்ல இல்லாதப்ப அது கத்துனத அவங்களே கேட்டிருக்காங்க."

"அவளும் இதையேதான் சொன்னா. நான் சாப்பிடாமக் கெடக்கிறேன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கீங்க. தெரியுது." எழுந்து அடுப்படிக்குப் போனார். காபி போட்டுக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "யார் பழியையோ தன் தலையில ஏத்துக்க ஒரு மனசு வேணும்பா. நீ நல்லா இருக்கணும். உம் புள்ளைங்க நல்லா இருக்கணும்."

மகளுக்குப் போன் போட்டுக் கொடுங்கள், நானே சொல்கிறேன் என்று கெஞ்சினேன். "வேணாம்பா. உன் வேலைக்கு எதுனா ஆயிடும்" என்றார். நானே நம்பர் வாங்கி மகளுக்குப் பேசினேன். "எங்கம்மா பேசச் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நடந்ததையெல்லாம் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். என்னை வேறு ஏரியாவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்ததன் நகலைக் கொண்டுபோய்க் காட்டினேன். சரோஜாம்மா படித்துவிட்டு, "எனக்காக இப்படியெல்லாம் எழுதலாமா?" என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அல்கலைன் இல்லையா, கைவசம் லித்தியம் இருந்தால் போடுங்கள். இரண்டும் இல்லையா, வீட்டுக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள், மறுநாள் போய்ப் போடுங்கள். மாட்டியதும் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுங்கள். கழற்றுகிற பேட்டரியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். தப்பு நம்முடையது என்றால் அந்த இடத்திலேயே, பேட்டரி கையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் இரண்டு மாதம் கழித்துச் சொன்னேன். சரோஜாம்மா இன்னும் தான்தான் மறந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார்.