நாற்பத்தோராம் பக்கம்

வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடம் தட்டச்சு செய்தவள், நாற்பத்தைந்து வயதில் அறிவுசார் சொத்துரிமையில் சட்ட முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தாள். வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் தன் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு பத்தி, யாரோ எழுதிய புத்தகத்திலிருந்து அப்படியே வந்திருந்தது. மேற்கோள் குறியே இல்லை.

"யாரும்மா பார்க்கப் போறாங்க? பேசாம இரு," என்றாள் மகள்.

"அடுத்தவங்க எழுத்தைத் திருடக் கூடாதுன்னு நூறு பக்கம் எழுதிட்டு, நானே திருடியிருக்கேனேடி!"

மறுநாள் தேர்வாளர் வாயைத் திறக்குமுன், அவளே அதைச் சொல்லிவிட்டாள். அவர் தன் பிரதியைத் திருப்பிக் காட்டினார். அதே பத்தியைச் சுற்றிச் சிவப்பு மை.

"நீங்களாவே சொன்னீங்க, பொழைச்சீங்க. ஒரு மாசத்துல திருத்திக் கொடுங்க."

வெளியே வந்தவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, பேனாவை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தில் மேற்கோள் குறியைப் போட்டாள்.