நண்டு பூதம் கண்ணில் ஒற்றிய தண்ணீர்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் கிடைத்த நிரந்தர வேலையை உதறிவிட்டு என் தம்பி சினிமாவில் நடிக்கப் போனதிலிருந்து நைனா அவனோடு பேசுவதில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தம்பியின் பேச்சை எடுத்தாலே சோற்றுத் தட்டிலேயே கை கழுவிவிட்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு வீம்புக்காரர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்தான்.

அவன் நடித்த படம் வந்தது. ஏரிக்கரையில் ஒரு சின்னச் சுற்றுலா ஊர். அங்கே தங்க வருகிறவர்களைத் துரத்தும் ஒரு நண்டு பூதம். பாதி பேய்ப்படம், பாதி சிரிப்புப்படம். "உன் புள்ள நடிச்சிருக்கான், வா நைனா" என்று கெஞ்சிக் கூத்தாடி, ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டித் தியேட்டருக்கு அழைத்துப் போனேன். அந்தப் பூதமே அவன்தான், முகம் தெரியவே தெரியாது என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

"எங்கடி அவன்? இந்த போலீஸ்காரனா?"

"இல்ல நைனா, பாத்துக்கினே இரு."

சர்வர் வந்தான், படகுக்காரன் வந்தான். ஒவ்வொருவனையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நண்டு வரும்போதெல்லாம், "இந்த சனியன சுடாம இன்னா பண்றானுங்க, பெரிய பேஜாரா கீது" என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மகனைக் காணாமல் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால், இந்த ஜென்மத்தில் இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

பிறகு அந்தக் காட்சி. விடுதியின் நீச்சல்குளத்தில் ஆட்கள் கும்மாளம் போடுகிறார்கள். நண்டு குளத்தோரம் வருகிறது. இறங்குவதற்கு முன் குனிந்து, கொடுக்கால் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. தியேட்டர் முழுக்க ஒரே சிரிப்பு. எங்கள் வீட்டில் ஏரியானாலும் கழனியானாலும் அப்படி ஒற்றிக்கொள்ளாமல் யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. மடையன், பூத வேஷத்திலும் அதை விடவில்லை.

நைனா சிரிக்கவில்லை. "அவன்தானடி அது" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஊரே சேர்ந்து நண்டை அடித்தபோது முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும், "அவனுக்கு போன் போடு" என்றார். மணி அடித்தது. தம்பி, "சொல்லுக்கா" என்றான். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"டேய், அந்த கொளத்துத் தண்ணில மருந்து போட்டிருப்பானுங்களே. கண்ணு எரிஞ்சிச்சாடா?"

அந்தப் பக்கத்திலிருந்து, "லேசா எரிஞ்சிச்சி, நைனா" என்று கேட்டது.